ஜூனியர் அணியைத் திட்டும் பெரிய மனிதர்களுக்கு

2025 டிசம்பர் 7-ம் தேதி சென்னை எழும்பூர் மைதானத்தில், ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியில், இந்தியப் பையன்கள் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றார்கள். அன்று ராத்திரி நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பித்த வசவு இன்னும் ஓய்ந்தபாடில்லை. மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். அதற்கும் வசவுதான். "சொந்த மண்ணில் வெண்கலமா, வெட்கமா இல்லையா" என்கிறார் ஒருவர். "இந்த டீமைக் கலைத்துவிட்டுப் புதுசா ஆள் எடுங்கள்" என்கிறார் இன்னொருவர். இப்படி எழுதியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இன்னொருவர் என்னிடமே கணக்குப் படித்தவர். பெயர் சொல்லப் போவதில்லை, படித்தால் அவர்களுக்கே தெரியும்.

பதிவு நீளம்தான். பொறுமையைப் பற்றி எழுதுகிறேன், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஹாக்கி ஆடியவன் இல்லை. கணக்கு வாத்தியார். ஆனால் கோவில்பட்டிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவனுக்கு ஹாக்கி தெரியாமல் இருக்க முடியாது. இங்கே டீக்கடையில் கிரிக்கெட்டுக்குச் சமமாக ஹாக்கியும் பேசுவார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடந்தால் ஊரே சாயங்காலத்தில் மைதானத்துப் பக்கம் நகரும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்து தூங்கிய பையன்கள் ஒரு தலைமுறைக்கு இருக்கிறார்கள். ஆகவே ஹாக்கியின் நுணுக்கம் பேச எனக்குத் தகுதி இல்லை என்றாலும், பதினெட்டு வயசுப் பையன்களைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில், "டீமைக் கலையுங்கள்" என்கிற அந்த நண்பருக்கு. அய்யா, ஜூனியர் அணியை நீங்கள் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தானாகவே கலைந்துவிடும். 21 வயதுக்கு உட்பட்டோர் என்பதுதான் அந்தப் போட்டியின் விதி. முன்பு நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடந்தது, இப்போது 2021, 2023, 2025 என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரு கோப்பை முடிந்ததும் பெரும்பாலோர் வயசு தாண்டி வெளியே போய்விடுவார்கள். ஹர்மன்ப்ரீத்தும் மன்ப்ரீத்தும் பத்து வருஷம் ஒரே அணியில் சேர்ந்து ஆடியதால், ஒருவர் பந்தை எங்கே தள்ளுவார் என்று இன்னொருவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஜூனியர் பையன்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீட்டைக் கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற அன்றைக்கே இடித்துவிட்டு மறுபடி வானம் தோண்டுகிற வேலை அது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் வருஷா வருஷம் இதைத்தான் செய்கிறோம். போன வருஷம் கணக்கில் பத்துப் பேர் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள் என்பதால் இந்த வருஷத்துப் பையன்களுக்கு அல்ஜீப்ரா தானாக வந்துவிடுமா? ஜூன் மாதம் மறுபடி முதல் பக்கத்திலிருந்துதான். காலாண்டுத் தேர்வில் 38 மார்க் எடுத்தவனை வாசலில் நிறுத்தி ஊரே சிரித்தால் அவன் பொதுத்தேர்வில் எடுக்கப்போவது 28.

சரி, கணக்கு வாத்தியாராகக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

2001-ல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவை 6-1 என்று துவைத்து எடுத்தார்கள். ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங் என்று ஒவ்வொருவனும் ஒரு முத்து. இனி பத்து வருஷத்துக்கு இந்திய ஹாக்கிக்குக் கவலை இல்லை என்று நாம் எல்லோரும் பேசினோம். நடந்தது என்ன? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏழாம் இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. 1928-ல் முதன்முதலாக ஒலிம்பிக் ஹாக்கி ஆடப் போனதிலிருந்து அதுவரை நடக்காத அவமானம். ஹோபார்ட் பையன்களுக்குத் திறமை போதவில்லையா? இல்லை. அந்த ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, பிறகு மூத்த அணியையும் நடத்திய ராஜிந்தர் சிங்கை ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டி நீக்கிவிட்டு, கெர்ஹார்ட் ராக் என்ற ஜெர்மானியரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் வாத்தியாரை மாற்றுகிற வேலை. ஜுக்ராஜ் 2003-ல் கார் விபத்தில் சிக்கியது வேறு விஷயம், அது விதி. மற்றதெல்லாம் விதி இல்லை.

இப்போது இன்னொரு கணக்கு. 2013-ல் டெல்லியில், சொந்த மண்ணில், ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. இந்தியா பத்தாம் இடம். வெண்கலத்துக்கே வெட்கப்படுகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும், பத்தாம் இடம். அதற்கு முந்தைய வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் மூத்த அணி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாவதாக வந்திருந்தது. மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. டெல்லியில் அந்த ஜூனியர் அணிக்குத் தலைவனாக இருந்தவன் 21 வயசுப் பையன், லண்டன் தோல்வியிலும் கூட இருந்தவன். அவன் பெயர் மன்ப்ரீத் சிங்.

அந்த மன்ப்ரீத்தான் 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்திய அணியின் தலைவர். ஜெர்மனிக்கு எதிராக 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கிய ஆட்டம். 1980 மாஸ்கோவில் நம்ம தமிழ்நாட்டு வி.பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு 41 வருஷம் கழித்து வந்த ஒலிம்பிக் பதக்கம். அன்றைக்கு அழாதவன் ஹாக்கி ரசிகன் இல்லை. 2013-ல் "இவன் தலைமையில் பத்தாம் இடம், தூக்கி வெளியே போடு" என்று யாராவது செய்திருந்தால் அந்தப் பதக்கம் எங்கே?

2016 லக்னோவையும் சொல்லிவிடுகிறேன். ஜூனியர் உலகக் கோப்பையை இரண்டாம் முறை வென்றோம், பெல்ஜியத்தை 2-1 என்று. அந்த அணியிலிருந்து ஹர்மன்ப்ரீத், மன்தீப், சுமித், வருண், குர்ஜந்த், சிம்ரன்ஜீத் என்று பலர் டோக்கியோ பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் லக்னோவில் கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? ஹர்ஜீத் சிங். மூத்த அணியில் அவரால் நிலைக்க முடியவில்லை. ஜூனியர் கோப்பை ஜெயித்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் பொய், தோற்றால் எல்லாம் முடிந்தது என்பதும் பொய் என்று இதைவிட எப்படிச் சொல்வது.

லக்னோவில் பயிற்சியாளராக இருந்த ஹரேந்திர சிங் 2005-ல் ரோட்டர்டாமிலும் ஜூனியர் அணியின் பயிற்சியாளர். அங்கே வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்று நான்காம் இடம். பதினோரு வருஷம் கழித்து அதே மனிதர் கோப்பையோடு நின்றார்.

ஜெர்மனியைப் பாருங்கள் என்கிறீர்கள். பார்ப்போம். எட்டு முறை இந்தக் கோப்பையை வென்ற நாடு அது. சென்ற டிசம்பரிலும் இறுதியில் ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று கொண்டுபோனது அவர்கள்தான். ஆனால் 1993-ல் வென்ற பிறகு அடுத்த கோப்பை அவர்களுக்கு 2009-ல்தான் கிடைத்தது. நடுவில் பதினாறு வருஷம். 1997, 2001, 2005 என்று மூன்று உலகக் கோப்பைகள் வேறு யாரோ கொண்டுபோனார்கள். நம்மை 1-5 என்று அடித்ததும், அதற்கு முன் இப்படித் தோற்று எழுந்து வந்த நாட்டின் பையன்கள்தான்.

காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2 என்று சமன் ஆகி, நம் பையன்கள் ஷூட் அவுட்டில் ஜெயித்தார்களே, அன்று இரவு "பிரின்ஸ்தீப் நம்ம சிங்கம்" என்று கோல்கீப்பரின் படத்தைப் பகிர்ந்தவர்கள்தான் இரண்டு நாள் கழித்து "கோல்கீப்பரா இல்லை கேட் கீப்பரா" என்று எழுதினார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சிங்கம் கேட் கீப்பர் ஆகிவிட்டது. கோல்கீப்பர் என்கிற பிராணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். அது மெதுவாக விளைகிற பயிர். இந்த ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக நின்றாரே ஸ்ரீஜேஷ், அவர் 2006-ல் மூத்த அணிக்கு வந்தார். உள்ளே வெளியே என்று பல வருஷம் அலைந்தார். லண்டனில் கடைசி இடம் பிடித்த அணியிலும் இருந்தார். டோக்கியோவில் கடைசி நொடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்தபோது அவருக்கு வயசு 33. பாரிஸில் இரண்டாவது வெண்கலம் வாங்கியபோது 36. இருபது வயசில் அவரை மதிப்பிட்டு முடித்திருந்தால்?

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் படித்தவன், பெயர் வேண்டாம். கோல்கீப்பர். பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் ஆறு கோல் விட்டான். எதிரணி நல்ல அணி, விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த பையன்கள். இவனோ பழைய பேடைக் கயிறு வைத்துக் கட்டிக்கொண்டு நின்றவன். ஓரத்தில் நின்ற பெரியவர்கள், ஆமாம், வேட்டி கட்டிய பெரியவர்கள்தான், "ஆறுமுகம், ஆறுமுகம்" என்று கத்திச் சிரித்தார்கள். அவன் பெயர் ஆறுமுகம் இல்லை. மறுநாள் வகுப்பிலும் அந்தப் பேர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கும் போய்விட்டது. உடற்கல்வி ஆசிரியர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டும் அவன் மறுபடி மைதானத்துக்கு வரவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை, யாருக்குத் தெரியும். இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். நாற்பதை நெருங்குகிற மனிதரை இன்னமும் ஊரில் சிலர் ஆறுமுகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிற சிலருக்கு அது ஏன் வந்த பேர் என்றே தெரியாது.

அன்றைக்கு ஓரத்தில் நின்று கத்தியவர்கள் இருபது பேர் இருப்பார்கள். இன்றைக்கு அந்த ஓரம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. "அவங்க எங்க இதையெல்லாம் படிக்கப் போறாங்க" என்று சொல்லாதீர்கள். விடுதியில் பயிற்சி தரும் நண்பர் ஒருவர் சொன்னார், ஆட்டம் முடிந்து பையன்கள் முதலில் தொடுவது தண்ணீர் பாட்டிலை இல்லை, போனைத்தான் என்று.

இப்போது எதிர்த் தரப்பு. நேற்று ஒரு பழைய மாணவர் போனில் பிடித்துக்கொண்டார். "சார், பொறுமை பொறுமைன்னு சொல்லியே நாற்பது வருஷம் நம்மள ஏமாத்திட்டாங்க. நீங்களும் அதையே சொல்றீங்களே?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் என் பதிவுக்கு மதிப்பில்லை.

தம்பி, நீ சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அந்த நாற்பது வருஷமும் நம்மிடம் பொறுமையைக் கேட்டது யார்? பையன்களா? நிர்வாகம் நடத்தியவர்கள். நம்மைப் பொறுக்கச் சொன்னவர்கள் தாங்கள் ஒருநாளும் பொறுத்ததில்லை. லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து 2019 வரை மூத்த அணிக்கு யார் யார் பயிற்சியாளர் என்று எண்ணிப் பார்: நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திரா, கிரஹாம் ரீட். ஏழு வருஷத்தில் ஏழு பேர். லக்னோ கோப்பையை வாங்கித் தந்த ஹரேந்திராவை 2018-ல் மூத்த அணிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷக் கடைசியில் புவனேஸ்வர் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும், அடுத்த மாதமே நீக்கிவிட்டு, வேண்டுமானால் ஜூனியருக்குத் திரும்பிப் போங்கள் என்றார்கள். ஒரு வருஷம்கூட முழுசாகக் கொடுக்கவில்லை. பிறகு வந்த ரீட் இரண்டு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தார், டோக்கியோ கிடைத்தது. ஒடிசா அரசு 2018-லிருந்து பணம் போட்டு, இடையில் கைவிடாமல் நின்றதும் அந்தப் பதக்கத்துக்குள் இருக்கிறது.

ஆக, பொறுமை என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்ற வேண்டிய சாம்பார் இல்லை. ஆடுகிற பையனுக்கு நிறையக் கொடு. கற்றுக்கொடுக்கிறவருக்கு ஒரு நாலு வருஷம் கொடு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சொட்டும் கொடுக்காதே. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கோல் விட்ட பையனைப் பேர் சொல்லித் திட்டுவார்கள், நிர்வாகி வந்தால் எழுந்து சால்வை போடுவார்கள்.

உங்கள் கோபத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காக, அது செலவாக வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். இந்த உலகக் கோப்பைக்காக மதுரை ரேஸ்கோர்ஸில் புதுசாக ஒரு சர்வதேச ஹாக்கி மைதானம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் செயற்கைப் புல்தரை என்பது கல்யாண மண்டபம் மாதிரி விசேஷத்துக்கு மட்டும் திறந்து மூடுகிற இடம் இல்லை. தினமும் தண்ணீர் விட வேண்டும், பராமரிக்க வேண்டும், பையன்கள் ஓட வேண்டும். சாயங்காலம் அங்கே எந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்? கட்டணம் உண்டா, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு விலக்கு உண்டா? நேரில் போய்ப் பாருங்கள், கேளுங்கள்.

மண் தரையில் வளர்ந்த பையனுக்கும் டர்ஃபில் வளர்ந்த பையனுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள் நாள் முழுக்கச் சொல்வார்கள். மண்ணில் பந்து குதிக்கும், கல்லில் பட்டுத் திரும்பும், அதனால் பையன் பந்தையே பார்த்துக் குனிந்து ஓடுவான். டர்ஃபில் பந்து சொன்ன இடத்துக்குப் போகும், ஆகவே தலையைத் தூக்கி அடுத்தவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கலாம். அந்தத் தலை தூக்குகிற பழக்கத்தைப் பத்து வயசில் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த வயசிலேயே பிடிக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் பதினைந்தில், பதினாறில்தான் டர்ஃபில் கால் வைக்கிறார்கள். கோவில்பட்டி மாதிரி ஹாக்கியையே சுவாசிக்கிற ஊருக்கே புல்தரை எவ்வளவு பிந்தி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1-5 என்பதில் ஒரு கோலோ இரண்டு கோலோ அந்த ஐந்து வருஷ வித்தியாசத்தில் போனது என்றுதான் நான் சொல்வேன். அதைப் பையன் கணக்கில் எழுதாதீர்கள்.

அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்களே, அன்றைக்கு ஊர் ஊராக பிளக்ஸ் வைத்தோம். வைத்தது தப்பில்லை. அவர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடிய வருஷங்களில் நம்மில் யார் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம்? ஒருவன் பெயர் வாங்கும் வரை அவன் யாரோ, வாங்கியதும் நம்ம பையன், அடுத்த ஆட்டத்தில் சொதப்பினால் மறுபடி யாரோ. இதற்கு ரசனை என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

என்னைக் கேட்டால், சென்ற டிசம்பரில் பார்க்க வேண்டியதாக இருந்தது அரையிறுதி இல்லை, அதற்கு அடுத்த ஆட்டம். ஐந்து கோல் வாங்கி, ஊரே ஏசி, மூன்றே நாளில் திரும்ப இறங்கி, அதிலும் 0-2 என்று விழுந்த பிறகு, சாகக் கிடந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். நாற்பது வயசில் பதவி உயர்வு தள்ளிப்போனதற்கே ஒரு மாதம் மருத்துவ விடுப்பு போட்டவர்களை எனக்குத் தெரியும் (நம் வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்கிறார்கள்). இருபது வயசில் அந்த மனத்திடம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்கிற கணக்கு தொடர்ந்தால், 2029-ல் ஆடப்போகிற பையன் இப்போது எங்கோ ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் ஊரிலேயே இருக்கலாம். இந்த சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு உங்கள் ஊர் மைதானத்துக்கு ஒரு நடை போய், எத்தனை பையன்கள் வருகிறார்கள், எத்தனை பேர் கையில் சொந்த ஸ்டிக் இருக்கிறது, கோல்கீப்பருக்குச் சரியான பேடும் ஹெல்மெட்டும் உண்டா, பயிற்சி முடிந்து வகுப்புக்கு ஓடுவதற்குள் சாப்பிட ஒரு முட்டையாவது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து கீழே எழுதுங்கள். அரையிறுதியைப் பற்றி எழுத வேண்டாம். அதை நான் பார்த்துவிட்டேன்.